மச்சான் படகின் மூடியும் சூனியக்காரியின் ஆசனமும்

கிரீன்லாந்துக் குளிரில் மீனை எல்லாம் உறைய வைத்துவிட்டுத் தான் மட்டும் உறையாமல் இருக்கும் அருமை மச்சான் ஹோல்கருக்கு, ஏரோ தீவிலிருந்து உன் அக்காள் புருஷன் பாலே எழுத வைப்பது. இங்கே நான் நலம். உன் அக்காள் கிர்ஸ்டின் நலத்துக்கும் ஒரு படி மேலே. மீனைப் புகையில் வாட்டி விற்கும் நம் புகைக்கூடத்தில் ஹெர்ரிங் மீன் நன்றாகப் போகிறது. நீயும் எந்தப் பாகமும் குறையாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். என் பொறுப்பில் விட்டுப்போன உன் படகைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

எழுத்து அழகாக இருக்கிறதே என்று மயங்காதே. நான் மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவன், என் கையெழுத்தை மறுநாள் என்னாலேயே படிக்க முடியாது. காலைக் கப்பலில் வந்திறங்கிய ஓர் அம்மா புகைக்கூடத்து வாசலில் நம் பெஞ்சில் உட்கார்ந்து மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "எழுத வருமாம்மா?" என்றேன். "ஏதோ வரும். ஒரு படகைப் பாக்க வந்தேன், அது எங்கயும் ஓடிடாது. சொல்லுங்க" என்றார். நான் சொல்லச் சொல்ல அவர் எழுதுகிறார். எங்கெல்லாம் எழுத்து கோணுகிறதோ அங்கெல்லாம் அவர் சிரிக்கிறார் என்று தெரிந்துகொள்.

இப்போது எதையாவது பிடித்துக்கொள். 'ஸ்வாலன்' படகின் முன்தளத்தில், உன் படுக்கைக்கு நேர் மேலே, ஒரு மர மூடி இருந்ததே, அது இப்போது உலகத்திலேயே இல்லை. நீதானே போனில் சொன்னாய், அங்கே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த வீபெக்கே உன்னோடு இந்தக் கோடையில் படகில் வரப் போகிறாள், கல்யாணமும் அதைப் பொறுத்துத்தான், "மூஞ்சில ஒரு சொட்டுத் தண்ணி விழுந்தாலும் அடுத்த துறையில எறங்கிடுவேன்" என்று சொல்லியிருக்கிறாள் என்று. முன்னால் உன்னோடு படகில் வந்த ஒரு மெரெத்தே, மூடி ஒழுகி நனைந்த தலையணையோடு இறங்கி பஸ் ஏறிப் போனதை நான் மறக்கவில்லை. அதனால் நல்லது செய்யலாமே என்று மூடியைக் கழற்றி, சுரண்டி, வார்னிஷ் மேல் வார்னிஷ் பூசி, வெண்கல வளையத்தை முகம் தெரியத் தேய்த்து, கரையில் வெயிலில் சாய்த்து வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போனேன். எதன்மேல் சாய்த்தேன் என்று கேள். நடுக்கோடை சங்க்ட் ஹான்ஸ் இரவில் கரையில் மூட்டும் நெருப்புக்காக ஊரே பழைய பலகையும் உடைந்த நாற்காலியும் கொண்டுவந்து கொட்டுமே, அந்தக் குவியலின்மேல். வருஷா வருஷம் அதற்குத் தீ வைக்கிறவனே நான்தான். அப்படியிருந்தும் மண்டையில் ஏறவில்லை பார்.

சாயங்காலம் ஊர் முழுக்கக் கரையில். வழக்கம்போல எரிப்பதற்காக உன் அக்காள் வைக்கோலில் கட்டிய சூனியக்காரி பொம்மை என் பழைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு குவியலின் உச்சியில். நான் தீயை வைத்தேன், பீரை எடுத்தேன், பாட்டு ஆரம்பித்தது. இரண்டாவது அடியில்தான் பார்க்கிறேன், இந்த வருஷம் சூனியக்காரி ராணி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள், ஆசனம் வேறு பளபளக்கிறது. ஆசனம் குமிழ் விட்டது. அடியில் ஒரு வளையம் சிவந்து தொங்கியது. பாட்டை விட்டுவிட்டு அதையே உற்றுப் பார்த்தேன்.

பக்கத்துப் படகு ஸ்வென் இடித்தான். "என்ன பாலே, பாட்டு மறந்துபோச்சா? வருஷத்துக்கு ஒரு பாட்டு, அதுவுமா?"

"ஸ்வென், அவ எதுமேல உக்காந்திருக்கா?"

"நல்ல பலகைப்பா. போன வருஷம் பொம்மை சரிஞ்சு விழுந்திருச்சுல்ல, அதான் உன் பொண்டாட்டி தேடிப்பிடிச்சு வச்சா."

கையில் இருந்த பீரை அப்படியே தீயில் ஊற்றினேன். ஊரே என்னைப் பைத்தியம் என்று பார்த்தது. உன் அக்காளிடம் ஓடினேன்.

"கிர்ஸ்டின், அது உன் தம்பி படகோட மூடி."

நெருப்பை ஒருமுறை பார்த்தாள், என்னை ஒருமுறை பார்த்தாள். அப்புறம், "குவியல்ல கெடந்தா எரிக்கத்தானே? அதுவுமில்லாம தீ வச்சது நீங்க" என்றாள். நியாயம் எப்படிப் பார்த்தாயா.

மறுநாளிலிருந்து புது மூடிக்கு அலைந்தேன். அந்தப் படகைக் கட்டிய பட்டறையில் இப்போது ஐஸ்கிரீம் விற்கிறார்கள். கடையில் கிடைக்கிற பிளாஸ்டிக் மூடி எல்லாம் நல்ல சதுரம். உன் படகின் ஓட்டை சதுரமா? கட்டியவன் சாப்பாட்டு மணி கேட்டபடி அறுத்த மாதிரி ஒரு பக்கம் குட்டை. சரி, நானே செய்துவிடலாம் என்று எங்கள் சாப்பாட்டு மேஜையை அறுத்தேன். "சூப்பை எங்க வைக்கிறது?" என்றாள் உன் அக்காள். "மடியில வச்சுக்க" என்றேன். அதற்கு அவள் சொன்னதை இந்த அம்மா எழுத மறுக்கிறார். அளவெடுக்க உன் படுக்கையில் சுகமாக மல்லாந்து படுத்து, கீழேயிருந்து ஓட்டையில் அட்டையை வைத்து வரைந்தேன். அறுத்து, வார்னிஷ் பூசி, கீலும் தாழ்ப்பாளும் போட்டு மேலே கொண்டுபோனால் உட்காரவே இல்லை. இடது வலமாக இருக்கிறது, வலது இடமாக இருக்கிறது. "கீழேருந்தா அளவெடுத்த? கண்ணாடியப் பாத்து மீசைய வரைஞ்ச மாதிரிதான்" என்று ஸ்வென் தரையில் உட்கார்ந்து சிரித்தான். ஆத்திரத்தில் குப்புறக் கவிழ்த்துப் போட்டேன். மச்சான், புட்டிக்குத் தக்கை மாதிரி உட்கார்ந்தது. ஒரே குறை, உள்பக்கம் வெளியே வந்துவிட்டது, தாழ்ப்பாளும் வெளியே.

ஒழுகுகிறதா என்று பார்க்க உன் அக்காளை உள்ளே படுக்க வைத்து, தண்ணீர் தெறிக்காமல் படகறையின் பின்கதவையும் சாத்திவிட்டு, வாளி வாளியாக மூடிமேல் ஊற்றினேன். சொட்டுக்கூட இறங்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் ஸ்வென் கூப்பிட்டான் என்று காபிக்குப் போய்விட்டேன். நான் திரும்புவதற்குள், வெளித் தாழ்ப்பாள் தானாக விழுந்திருக்கிறது, பின்கதவு நனைந்து ஊதி இறுகியிருக்கிறது, உள்ளேயிருந்து வந்த சத்தத்துக்குத் துறைமுகத்து நாரைகூடப் பறந்துவிட்டதாம். இரண்டு நாளாக வீட்டில் என்னோடு பூனை மட்டும்தான் பேசுகிறது.

ஆகவே மன்னித்துக்கொள், ஒரு வாரம் தள்ளி வா. மேஜையில் பாதி மிச்சம் இருக்கிறது, மேலேயிருந்து அளவெடுத்து வேறு செய்துவிடுகிறேன். வீபெக்கேயிடம் மூச்சு விடாதே. கேட்டாலும், உன்னோடு ஒரே வருஷம் பிறந்த படகு, நாற்பத்தொன்பது வயதில் இப்படித்தான் இருக்கும், இரண்டுக்குமே மேல்மூடி போய்விட்டது என்று சொல்லிச் சமாளி. உன் வழுக்கையைப் பார்த்துப் பழகியவளுக்குப் படகு எம்மாத்திரம்.

உன் முதுகுப் பக்கமே காற்று வீசட்டும், உன் தலையணை என்றும் உலர்ந்திருக்கட்டும் என்று வாழ்த்தும்,
பாலே

பின்குறிப்பு: எழுதித் தந்த அம்மாவுக்கு நல்ல மீனாகப் பார்த்துக் கட்டிக் கொடுத்துப் பெயர் கேட்டேன். வீபெக்கேயாம். நான் மீன் பெட்டிமேலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் நேராகப் படகுக்குப் போய் உன் படுக்கையில் படுத்து, "ஊத்துங்க" என்றார். ஊற்றினேன். முகம் நனையவில்லை. "மூடி இப்படியே இருக்கட்டும், தாழ்ப்பாள் வெளிய இருக்கிறது ரொம்ப வசதி" என்கிறார். ஆகவே மேலே கேட்ட மன்னிப்பையெல்லாம் அடித்துவிடு, ஒரு வாரம் தள்ளியும் வராதே, உடனே வா. உனக்கு நாற்பத்தொன்று, படகுக்குப் பத்து, கம்பளித் தொப்பி குளிருக்காக என்று அவரிடம் சொல்லி வைத்திருந்தாயாமே. இதையும் அவரேதான் எழுதுகிறார். இங்கே எழுத்து கொஞ்சமும் கோணவில்லை, கவனித்துக்கொள்.