டாக்டர் கண்ட ஒயின் பொருத்தம்

மனித நாகரிகம் ரோமாபுரியில் பிறந்தது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். தவறு. அது போன நவம்பரில், வட இத்தாலியின் போ ஆற்றங்கரையில், எங்கள் பன்றி இறைச்சித் தொழிற்சாலையின் சாப்பாட்டுக் கூடத்தில் பிறந்தது. பிரசவத்தை நான் நேரில் பார்த்தேன்.

எங்கள் கோரிக்கை சின்னது. எலும்பு நீக்கும் பெல்ட்டின் வேகத்தை வசந்த காலத்தில் கூட்டியிருந்தார்கள். அதைக் கொஞ்சம் குறைக்க வேண்டும், விரல்கள் மரத்துப்போகின்றன. நிர்வாகம் ஆழ்ந்து சிந்தித்து, 'தொழிலாளர் நல்வாழ்வு மாலை' ஒன்றை அறிவித்தது: எங்கள் மாந்துவா வட்டாரத்து விருந்து, அதற்குப் பொருத்தமான இத்தாலியச் சிவப்பு ஒயின்கள். கேட்டதைத் தருவது யாராலும் முடியும். கேட்காததைத் தர ஒரு நிர்வாகம் வேண்டும்.

என் பக்கத்தில் எர்மெஸ் அண்ணன் உட்கார்ந்தார். பெல்ட்டிலும் எனக்கு அடுத்த கத்தி அவருடையதுதான். அவருடைய வலது கை விரல்களில் உணர்வே இல்லை. அது எனக்கு மட்டும் தெரியும். நிர்வாகத்துக்குத் தெரிந்தால் 'தகுதியற்றவர்' என்று அனுப்பிவிடுவார்கள். ஓய்வூதியத்துக்கு இன்னும் இரண்டு குளிர்காலம் நிற்க வேண்டும்.

மிலானிலிருந்து வந்திருந்த ஒயின் நிபுணர் ஓர்தென்சியா அம்மையார் எழுந்தார்.

"சாப்பாடு இந்த ஊரோடது. அதை மாத்தக் கூடாது. பொருந்தலைன்னா ஒயினைத்தான் மாத்தணும்."

"சாப்பாட்டை எப்பவுமே மாத்தக் கூடாதா?" என்று கேட்டார் எங்கள் டைரக்டர். பட்டம் வாங்கியவர் என்பதால் அவரை டாக்டர் என்போம். அவரால் யாருக்கும் குணமானதில்லை.

"எப்பவுமே, டாக்டர்."

டாக்டர் முகத்தில் ஞானம் படர்ந்தது.

"கோப்பையோட வயித்தைத் தொடாதீங்க," என்றார் அம்மையார். "தண்டை மட்டும் ரெண்டு விரலால பிடிச்சு மெல்லச் சுத்துங்க. என்ன வாசனை வருது?"

"பன்னி," என்றான் பின்வரிசையிலிருந்து லோரிஸ்.

"அது உங்க சட்டை. ஒயின்ல தோல் இருக்கு, புகையிலை இருக்கு, மழை பேஞ்ச காடு இருக்கு."

"இதையெல்லாம் உள்ள போட்டா யாரும்மா குடிப்பா?"

எர்மெஸ் அண்ணன் என் காதருகில் குனிந்தார். "டேய் ஈவோ, நான் பிடிச்சிருக்கேனா? பாத்துச் சொல்லு."

"பிடிச்சிருக்கீங்கண்ணே."

"ரெண்டு விரலும் இருக்கா?"

"இருக்கு. சுத்தாதீங்க."

அப்போது கொழுக்கட்டை போல இறைச்சி பொதிந்த அஞ்ஞொலினி மிதக்கும் சூப் வந்தது. அண்ணன் எங்கள் ஊரில் குளிர் வந்தால் எல்லோரும் செய்வதைச் செய்தார். கோப்பையை அப்படியே சூப்பில் கவிழ்த்து, கிண்ணத்தை இரண்டு உள்ளங்கையாலும் தூக்கிக் குடித்தார். உள்ளூரின் மலிவான லம்ப்ருஸ்கோ ஒயினைத்தான் அப்படி ஊற்றுவோம். இது விலை உயர்ந்த பரோலோ.

"ஐயா, அது இருட்டறையில பத்து வருஷம் தூங்கின ஒயின்," என்றார் அம்மையார், நெஞ்சில் கைவைத்து.

"தூங்கினது போதும்மா. இனி வேலை செய்யட்டும்."

கூடம் சிரித்தது. டாக்டர் சிரிக்கவில்லை. அம்மையாரே வந்து அண்ணனுக்கு இன்னொரு கோப்பை நிரப்பிக் கொடுத்தார். "இப்ப தண்டைப் பிடிச்சு. எல்லாரும் பாக்கறோம்."

எல்லோரும் பார்த்தோம். அண்ணன் தூக்கினார். கோப்பை நழுவி மேசை விளிம்பில் உடைந்தது. "மன்னிச்சிருங்கம்மா," என்று சில்லுகளைக் கூட்டி அள்ளினார்.

"உங்க கையில ரத்தம் வருது," என்றார் அம்மையார்.

"ஒயின்தாம்மா," என்றார் அண்ணன், கையைப் பார்க்காமலே.

டாக்டர் எழுந்து வந்து, அந்தக் கையைப் பிடித்து, வெகு நேரம் பார்த்தார். எங்கள் விரல்களை நிர்வாகம் இவ்வளவு அக்கறையோடு பார்த்தது அதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை கோரிக்கைக்குப் பதில் வந்தது. டாக்டரே பெல்ட் அருகே வந்து சொன்னார்: "வேகம்கிறது நம்ம ஊர்ச் சாப்பாடு மாதிரி. அதை மாத்தக் கூடாது."

எர்மெஸ் அண்ணனை மாற்றினார்கள்.

வெறுங்கையோடு அனுப்பிவிட்டார்கள் என்று யாரும் பேசக் கூடாது. நினைவுப் பரிசாக ஒரு பெட்டி நிறைய ஒயின் கோப்பைகள் கொடுத்தார்கள். முதல் தரம், தண்டு ஒவ்வொன்றும் ஈர்க்குச்சி போல மெல்லியது. அவர் வீடு வரை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன்.