தொண்டைக்குள் மறைத்து வந்த விடை

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். ஒன்று பொய்யாக இருந்தாலும், போன வாரம் கட்டிய என் புதுப் பல்செட் பந்தியில் எல்லார் முன்னாலும் கழன்று விழட்டும். இதற்குமேல் பணயம் வைக்க ஒரு கிழவனிடம் வேறு ஒன்றுமில்லை.

உலகத்தில் எத்தனையோ கல்லூரிகள் உண்டு. ஆனால் ஆடல், பாடல், நடிப்பு ஆகிய மூன்று கலைகளையும் பிடித்திருந்த பழைய நோயைக் குணப்படுத்திய பெருமை எங்கள் ஊர்க் கல்லூரிக்கு மட்டுமே உரியது. ஆடுவது, பாடுவது, நடிப்பது என்பவைதான் அந்த நோய்.

நடனத் துறை மாடியில் இருக்கிறது. நேர் கீழே முதல்வர் அறை. ஒரு நாள் மாணவிகள் குதித்த குதியில் கூரைக் காரை பெயர்ந்து முதல்வரின் தேநீரில் விழுந்தது. அன்று முதல் நடனம் உட்கார்ந்தபடியே கற்பிக்கப்படுகிறது. பெரிய திரையில் ஒரு கால் தெரியும். அதை நோக்கி ஓர் அம்புக்குறி பறந்து வரும். “இது இடது” என்பார் விரிவுரையாளர். எல்லோரும் எழுதிக்கொள்வார்கள். நடிப்புத் துறையில் அழ வேண்டுமானால் முன்அனுமதி தேவை. புன்னகைக்குத் துறைத் தலைவரின் கையொப்பமே போதும். பாட்டுத் துறைக்கும் நூலகத்துக்கும் நடுவில் ஒரே சுவர். ஆகவே அங்கே பாட்டு ‘மௌன வழி’யில் போதிக்கப்படுகிறது. அத்துறையின் தலைவர் டாக்டர் பட்டம் வாங்கியதே பாட்டுக்கு நடுவில் வரும் இடைவெளிகளை ஆராய்ந்துதான்.

இப்பேர்ப்பட்ட இடத்தில் என் தங்கை மகள் மூன்று வருடம் பாட்டுப் படித்தாள். வீட்டில் அவளுக்கு ‘ரேடியோ’ என்று பெயர். பல் தேய்க்கும்போதுகூட நிற்காது. ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் வேலை அவளுக்காகக் காத்திருந்தது. பட்டத்தோடு வந்தால் அவளுக்கு, வராவிட்டால் வரிசையில் அடுத்து நிற்பவருக்கு. என் தங்கை வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு அந்த வீட்டை நிமிர்த்த இருந்தது அந்த ஒரு வேலைதான்.

கடைசித் தேர்வில் கேள்வி இது: ‘ஒரு தாலாட்டின் மெட்டு எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது? படம் வரைந்து பாகங்களைக் குறிக்கவும்.’ பாதி வரைந்தவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வாய்க்குள் முனகிப் பார்த்தாள். கண்காணிப்புக்கு நின்ற நடன விரிவுரையாளர் நான்கு பெஞ்சைத் தாண்டித் துள்ளி வந்தார். அந்தத் துறையில் பல வருடங்களுக்குப் பிறகு நிகழ்ந்த முதல் துள்ளல் அது.

“என்னடி சத்தம்?”

“மெட்டு மறந்துபோச்சு மேடம். பாடிப் பாத்தேன்.”

“பாட்டுப் பரீட்சையில பாட்டா? என்ன தைரியம் உனக்கு!”

குற்றச்சாட்டு அன்று மாலையே தயாரானது. ‘விடையைத் தொண்டைக்குள் மறைத்துத் தேர்வறைக்குள் கொண்டுவந்தது.’ நிரூபிக்கப்பட்டால் மூன்று வருடம் தேர்வெழுதத் தடை. தொண்டையைப் பறிமுதல் செய்ய விதியில் இடமில்லாததால் விடைத்தாளைப் பறிமுதல் செய்திருந்தார்கள்.

தங்கை தலைவிரி கோலமாக ஓடி வந்தாள். “அண்ணா, உங்க மருமக காப்பி அடிச்சிட்டாளாம்!”

“யாரைப் பாத்து?”

“அவளையே பாத்தாம்!”

விசாரணைக்குப் பாதுகாவலன் என்ற முறையில் நானும் இஸ்திரி போட்ட சட்டையோடு போனேன். நீள மேசைக்குப் பின்னால் முதல்வர். அவரைச் சுற்றி மூன்று துறைகளின் தலைவர்கள். மூவர் முகத்திலும் கலை ததும்பிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டும் வெளியே சிந்தவில்லை.

“ஐயா, புள்ள முனகினாள்னுதான சொல்றீங்க?” என்றேன். “முனகல் பாட்டாகுமா? நான்கூட நாற்காலியிலேருந்து எந்திரிச்சா முனகுவேன். எனக்குப் பட்டம் குடுப்பீங்களா?”

முதல்வர் அதை ஒரு விண்ணப்பமாகவே எடுத்துக்கொண்டு சற்று யோசித்தார். பிறகு தீர்ப்புக்கு வழி சொன்னார். “அன்னிக்கு முனகினத இங்க முழுசாப் பாடட்டும். அது பாட்டுன்னா குற்றம். வெறும் சத்தம்னா எச்சரிக்கையோட பட்டம் குடுத்துடலாம். அஞ்சு நிமிஷம் வெளிய இருங்க.”

வராந்தாவில் நான் குனிந்து சொன்னேன். “ரேடியோ, நல்லாப் பாடித் தொலைச்சிடாத.”

“மோசமாப் பாட வராதே மாமா.”

“மாமா குளிக்கறப்போ பாடுவேனே, அத நெனச்சுக்கோ.”

“அது பாட்டா? குழாய்ல காத்து வருதுன்னுல்ல நெனச்சேன்!”

கூட வந்திருந்த தங்கை, மகளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். எந்தத் தாயும் கேட்டிராத வரம் ஒன்றைக் கேட்டாள். “அம்மாவுக்காக ஒரே ஒரு தடவை கேவலமாப் பாடுடி தங்கம்.”

பாடினாள். பெற்றவள் பேச்சைத் தட்டாத பிள்ளை. என் குரலை அப்படியே எடுத்து வந்தாள். இடையில் மூச்சு வாங்கினாள், விக்கினாள், மூக்கால் இரண்டடி போனாள். எங்களுக்கு உயிர் வந்தது. அப்போதுதான் கவனித்தேன்: பாட்டுத் துறைத் தலைவர் கண்ணை மூடித் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

“அடடா, என்ன ஒரு இடைவெளி!” என்றார். “மூச்சு வாங்கின எடமெல்லாம் என் ஆராய்ச்சியில நாலாவது அத்தியாயம் சார்!”

“அப்போ இது பாட்டுதானா?”

“சந்தேகமே இல்ல. தரமான பாட்டு.”

முதல்வர் வருத்தத்தோடு பேனாவைத் திறந்தார். தங்கை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“ஒரு நிமிஷம் சார்,” என்றாள் ரேடியோ. “இப்போ பாடினது எங்க மாமா. நான் இல்ல. எப்படியும் தண்டனைதான்னா, நான் பாடினதுக்கே வாங்கிக்கறேன்.”

சொல்லிவிட்டு அந்தத் தாலாட்டைப் பாடினாள்.

முதல்வரின் பேனா காகிதத்தில் ஊன்றியபடியே நின்றது. மை ஊறிப் பெரிய வட்டமானது. நடனத் துறைத் தலைவியின் வலது கால் மேசைக்கு அடியில் தானாக அசைந்தது. நடிப்புத் துறைத் தலைவரின் கண்ணிலிருந்து முன்அனுமதி பெறாத இரண்டு சொட்டு இறங்கிற்று. ஜன்னல் முழுக்க நூலகத்துத் தலைகள். தரையில் இருந்த தங்கை, மகளை மடியில் போட்டிருந்த காலத்துக்கே போய்விட்டவள் மாதிரி முழங்காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். பாட்டுத் துறைத் தலைவர் மட்டும் பதறிப்போய்ப் புத்தகம் புத்தகமாகப் புரட்டினார்.

பாடி முடிந்ததும் அவர் நிமிர்ந்தார். “சார், இது பாடத்திட்டத்துல இல்ல. எந்தப் புத்தகத்துலயும் இல்ல. நான் எழுதினதுலயே இல்ல! இடைவெளி வரவேண்டிய எடத்துலகூட என்னமோ இருக்குது.”

“அப்படின்னா?”

“வெறும் சத்தம்.”

ரேடியோ விடுதலையானாள். பட்டமும் வந்தது; அடுத்த திங்கட்கிழமையே வேலையில் சேர்ந்தாள். பிள்ளைகள் வீட்டுக்கு வந்தும் பாட்டை நிறுத்துவதில்லை என்று இப்போது பெற்றோர் புகார் செய்கிறார்களாம்.

கல்லூரியும் சும்மா இருக்கவில்லை. நடிப்புத் துறைத் தலைவரிடம் கண்ணீருக்கு விளக்கம் கேட்கப்பட்டது. நடனத் துறைத் தலைவியின் வலது காலைப் பணியிடை நீக்கம் செய்யத் தீர்மானித்தார்கள். காலை மட்டும் நீக்க விதி இல்லாததால் ஆளையும் சேர்த்தே நீக்கினார்கள். இனி இப்படி நேராதிருக்க, பாட்டு மாணவர் ஒவ்வொருவரும் ஒரு தலைமைத் தேர்வாளர் முன் பாடிக் காட்ட வேண்டும், அது பாட்டா சத்தமா என்று அவர் ஒருவரே தீர்ப்பளிப்பார் என்று புது விதி வந்தது.

அந்தப் பதவிக்கு ஆள் கேட்டு முதல்வரே என் வீட்டுக்கு வந்தார்.

“எனக்குச் சங்கீதம் தெரியாதே ஐயா,” என்றேன்.

“அது எங்க யாருக்குங்க தெரியும்?” என்றார். “அன்னிக்கு எங்க ஆளுங்களே ஆடிப்போயிட்டாங்க. சொந்த மருமக பாடியும் நீங்க ஒருத்தர்தான் கண் கலங்காம, கால் ஆடாம கல்லு மாதிரி உக்காந்திருந்தீங்க. அந்த நடுநிலைமைதாங்க எங்களுக்கு வேணும்.”

ஏற்றுக்கொண்டேன். இன்றுவரை ஏராளமான பிள்ளைகளின் பாட்டுக்குத் தீர்ப்பு எழுதியிருக்கிறேன். என் தீர்ப்பைக் கல்லூரி ஒருமுறைகூடச் சந்தேகித்ததில்லை.

எதிராளியின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவேன். மற்றபடி, நியமனத்துக்கு முன் கல்லூரி மருத்துவரே என்னைச் சோதித்து எழுதிக் கொடுத்தபடி, பதினோரு வருடமாக எனக்கு இரண்டு காதும் கேட்காது.