கோணல் ட்ரைவும் குகனின் கேக்கும்

‘ஏலாது’ என்று யாராவது சொன்னால் எனக்குக் காது கேட்காது. பிறவிக் குறைபாடு. (என்னவர் இதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார். அதை இங்கே எழுத முடியாது.)

தொண்ணூறுகளில் ஜெர்மனியின் ஹம் நகரத்துத் தமிழ்க் கலியாணங்களுக்கு இவர்தான் வீடியோ எடுப்பார். படத்தின் தொடக்கத்தில் ஒரு தாமரை மொட்டு மெல்ல விரியும். அதற்குள் மாப்பிள்ளை பொம்பிளையின் முகம் தெரியும், கீழே பெயர்கள் மின்னும். அந்தத் தாமரை என் கைவேலை. விசைப்பலகைக்குள்ளேயே முழு இயந்திரமும் அடங்கிய ஒரு வீட்டுக் கொம்பியூட்டரில், குசினி மேசையில் இருந்து செய்வேன். செய்ததை ஃப்ளொப்பியில் எழுதி வைப்பேன்.

போன வருடம் இவருடைய தங்கை வசந்திக்கும் குகனுக்கும் முப்பதாவது கலியாண நாள் வந்தது. அவர்களுடைய கலியாணக் கசெற் வீட்டுக்குக் கீழே கெல்லர் அறையில் ஈரம் பிடித்துப் பூஞ்சணம் பூத்துவிட்டது. "கலியாணம் நடந்ததுக்கு இப்ப ஒரு சாட்சியும் இல்லை, மச்சாள்" என்று வசந்தி போனில் அழுதாள். நான் பழைய பெட்டிகளைக் கிளறினேன். ‘வசந்தி–குகன்’ என்று என் கையெழுத்தில் லேபிள் ஒட்டிய ஃப்ளொப்பி கிடைத்தது.

"அழாதை. மண்டபத்தில பெரிய திரையில உன்ர தாமரை விரியும். இது என்ர வாக்கு" என்றேன்.

வாக்குக் கொடுத்த பிறகுதான் கொம்பியூட்டரைப் போட்டுப் பார்த்தேன். ஃப்ளொப்பி ட்ரைவ் கர் கர் என்று தொண்டையைச் செருமிவிட்டு, வாசிக்க முடியவில்லை என்று திரையில் எழுதியது.

"இஞ்சரும், அது செத்துப் போச்சு. விடும்" என்றார் இவர்.

"நீங்கள் தள்ளி இருங்கோ."

மூடியைக் கழற்றினேன். உள்ளே தூசும் கட்டிப்போன கிரீஸும். மருந்துக்கடையில் வாங்கின ஸ்பிரிட்டில் பஞ்சுக் குச்சியை நனைத்து, ஃப்ளொப்பியை வாசிக்கும் ஹெட்டைத் துடைத்தேன். புதுக் கிரீஸ் பூசினேன். பிறகு புத்திசாலித்தனமாக ஒரு வேலை செய்தேன். (என் வாழ்க்கையின் எல்லா நாசமும் இப்படித்தான் தொடங்கும்.) வசந்தியின் ஃப்ளொப்பியை ஆபத்தில் விடக்கூடாதென்று, அந்தக் காலத்தில் கடையில் வாங்கின விளையாட்டு ஃப்ளொப்பி ஒன்றைப் போட்டுச் சோதித்தேன். வாசிக்கவில்லை. ஹெட் கோணலாக நிற்கிறது என்று முடிவுகட்டினேன். திருகாணியைத் தளர்த்தி மயிரிழை மயிரிழையாக நகர்த்தினேன். சனிக்கிழமைகள் போயின. சமையலும் போயிற்று, கடைச் சாப்பாடு வந்தது. கடைசியில் விளையாட்டும் வந்தது! வெற்றிக் களிப்பில் வசந்தியின் ஃப்ளொப்பியைப் போட்டேன்.

கர் கர்.

அப்போதுதான் உறைத்தது. இந்த ட்ரைவ் கடை ஃப்ளொப்பி எதையும் ஒருநாளும் வாசித்ததே இல்லை. ஃப்ளொப்பிதான் பழுது என்று அரைகுறை டொச் மொழியில் சண்டை பிடித்து, கடைக்காரனை மன்னிப்புக் கேட்க வைத்தவளும் நான்தான். வாங்கின நாளிலிருந்தே அதன் ஹெட் கோணல். கோணலாக எழுதியதைக் கோணலாக நின்றால்தான் வாசிக்கும். தூசு துடைத்ததோடு அது சுகமாகிவிட்டது. நான்தான் நிமிர்த்திக் கெடுத்துவிட்டேன்.

"இப்ப என்ன செய்யப் போறீர்?"

"திரும்பக் கோணலாக்கப் போறன்."

எந்தப் பக்கம், எவ்வளவு கோணல் என்று யாருக்குத் தெரியும்? விட்டேனா நான்! விழாவுக்கு முதல்நாள் பின்னேரம் திரையில் மொட்டு வந்தது. முதல் இதழ் விரிந்தது. உடனே நிறுத்திவிட்டேன். இருக்கிற உயிரை நாளைக்கு மிச்சம் பிடிக்கட்டும் என்ற முன்யோசனை. (நாசம் எப்படித் தொடங்கும் என்று சொன்னேன்தானே.)

மண்டபம் நிறையச் சனம். வசந்தி கூறைச் சேலையில் நின்றாள், குகன் கேக் வெட்டக் கத்தியோடு நின்றார், நான் மைக்கோடு நின்றேன். இவரைக் கொம்பியூட்டரடியில் இருத்தி, "என்ன நடந்தாலும் நிப்பாட்டாதேங்கோ. நிப்பாட்டினா பிறகு ஓடாது" என்று கட்டளை போட்டிருந்தேன்.

மொட்டு விரிந்தது. சனம் வாயைப் பிளந்து பார்த்தது. தாமரைக்குள் ஒரு முகம் தெரிந்தது. வசந்தியின் தாய்மாமன், காலமான பரமு மாமா, மீசையோடு சிரித்துக்கொண்டிருந்தார். கீழே எழுத்துகள் மின்னின: ‘கண்ணீர் அஞ்சலி’.

ஒரு ஃப்ளொப்பியை ஒரு வேலையோடு எறிய அந்தக் காலத்தில் எனக்கு மனம் வராது. கலியாணத்தை அழித்து, அதன்மேல் மாமாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கான படத்தை எழுதியிருக்கிறேன். லேபிள் உரியாததால் அப்படியே விட்டிருக்கிறேன்.

முன் வரிசையில் ஒருவர் எழுந்தார். பக்கத்தில் இருந்தவரும் எழுந்தார். மரியாதை தெரிந்த சனம் அல்லவா, முழு மண்டபமும் எழுந்து தலை குனிந்தது. பாட்டுப் போட்டவர் பாட்டை நிறுத்தினார். குகன் கத்தியைத் தாழ்த்திப் பிடித்தபடி நின்றார். நான் இவரைப் பார்த்து, நிப்பாட்டுங்கோ என்று வாயசைத்தேன். கலியாணம் கட்டின நாளிலிருந்து என் சொல் கேளாத மனுசன், அன்றைக்குப் பார்த்துச் சொல் தவறவில்லை.

"நிப்பாட்ட மாட்டன், பயப்படாதையும்!" என்று அங்கிருந்தே கத்தினார். மாமா மறைந்து, திரும்பவும் மொட்டிலிருந்து விரிந்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுடைய கலியாணத்தின் மிச்சத்தை என் கையாலேயே அழித்துவிட்டு, அதை ஊரைக் கூட்டிக் காட்டியிருக்கிறேன். "என்னை மன்னிச்சுக்கொள், வசந்தி" என்றேன். மைக் போட்டபடியே இருந்தது.

வசந்தி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமா அப்ப அகதி முகாமில இருந்தவர், மச்சாள். அந்த இடத்தை விட்டு வெளிக்கிட அவருக்கு அனுமதி குடுக்கேல்லை. என்ர கலியாணத்துக்கு மாமா வரேல்லையெண்டு அண்டைக்கு முழுக்க அழுதனான்." மூக்கை உறிஞ்சினாள். "பிந்தியெண்டாலும் வந்திட்டார்." சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். நின்ற சனமும் சிரித்தது. பாட்டு வந்தது, கேக் வெட்டினார்கள்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் கேக் வெட்டுமுன் யாராவது "மாமாவுக்கு எழும்புங்கோ" என்று குரல் கொடுப்பார்கள். எல்லோரும் எழுந்து, என்னைப் பார்த்தபடி சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்பார்கள். வசந்தியின் ஜெர்மன் மருமகன் யோனாஸ் இதைத் தமிழர் பண்பாடு என்று நம்பிவிட்டான். அவனைத் திருத்த ஒருவரும் முன்வரவில்லை. போன மாதம் அவனுடைய தாயின் பிறந்தநாளுக்கு கெல்சென்கிர்ச்சனுக்குப் போயிருந்தோம். மெழுகுதிரி ஏற்றியதும் யோனாஸ் எழுந்து டொச்சில் ஏதோ சொன்னான். அவனுடைய பெரியப்பா, அத்தை, பக்கத்து வீட்டார் எல்லோரும் கதிரைகளைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்து, பரமு மாமாவுக்காகத் தலை குனிந்தார்கள்.