சனிக்கிழமை ஏர் பிடித்த டீசல் வண்டி

உலகமே தலைகீழானாலும் மாமனாரின் இரும்பு பீரோவைத் தொடுவதில்லை என்று நம்ம ஆள் சனிக்கிழமை சாயங்காலமே முடிவு கட்டிவிட்டார். மறுநாள் மாமனார் வீடு மாறுகிறார். போன தடவை அந்த பீரோவின் ஒரு மூலையைப் பிடித்தபோது பிடித்துக்கொண்ட இடுப்பு, பீரோவை விட்ட பிறகும் விடவில்லை.

வரமாட்டேன் என்று வீட்டுக்காரியிடம் நேராகச் சொல்லும் தைரியம் இருந்தால் இத்தனை யோசனை எதற்கு? பழியைத் தூக்கிப் போட, கீழே தெருவில் ஒரு பழைய டீசல் கார் நின்றது. அது எதிர்த்துப் பேசாது.

டேங்கிலிருந்து வரும் பைப் டீசல் ஃபில்டரோடு சேரும் இடத்தில் ஒரு நட்டு. அதைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும். டீசல் ஒழுகாது, காற்று மட்டும் உள்ளே போகும். வண்டி கிளம்பும், உறுமும், செத்துப்போகும். நம்ம ஆள் சுத்தக்காரர் வேறு. மசி படிந்த நட்டில் கை வைக்க மனசு வராமல், பழைய துணியால் பளபளவென்று துடைத்துவிட்டுத்தான் ஸ்பேனரைப் போட்டார்.

மறுநாள் காலையில் வண்டி சொன்னபடி கேட்டது. நின்ற இடத்திலேயே இருமிவிட்டு அடங்கியது.

“நேத்து நல்லாத்தானேங்க ஓடிச்சு?”

“ஏர் பிடிச்சிருச்சு. டீசல் வண்டிக்கு அது மாரடைப்பு மாதிரி.”

வீட்டுக்காரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. அப்பாவுக்கு என்ன பதில் சொல்வது என்றும் கேட்கவில்லை. அவள் சந்தேகப்படாதது அவருக்குப் பெரிய சந்தேகமாக இருந்தது. நம்ப வைத்தே தீருவது என்று பானெட்டைத் திறந்து பாடம் எடுக்க ஆரம்பித்தார்.

“இந்தத் திருகை இளக்கிட்டு, கைப்பம்பை அமுக்கணும். குமிழி நின்னு வெறும் டீசல் வந்தா ஏர் போயிருச்சுன்னு அர்த்தம். பாரு, குமிழி நிக்குதா?”

நிற்கவில்லை. அவள் குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

“அப்போ எங்கேயோ காத்து உள்ள வந்துக்கிட்டே இருக்கு.”

“கரெக்ட். எங்கேன்னு கண்டுபிடிக்க மெக்கானிக்தான் வரணும். ஞாயித்துக்கிழமை யாரு கடை திறப்பா?”

பாவம், அலுத்துப் போயிருப்பீங்க, போய்ப் படுங்க என்றாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த வாயிலிருந்து வராத வார்த்தை. தலையணையைக்கூடத் தட்டிக் கொடுத்தாள். ஒரு கண்ணை மூடி, ஒரு கண்ணைத் திறந்து படுத்திருந்தார். சமையலறையில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டிருந்தாலாவது நிம்மதியாக இருந்திருக்கும். வீடே மூச்சு விடாமல் கிடந்தது.

அப்புறம் தெருவில் ஒரு சத்தம். இருமல் இல்லாத, சீரான, தெரிந்த சத்தம்.

மூன்றாவது மாடி பால்கனிக்கு ஓடி வந்து பார்ப்பதற்குள் கார் முனை திரும்பிவிட்டது. திட்டு ஒரு பக்கம் இருக்கட்டும், பீரோவிலிருந்து தப்பித்தோம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு திரும்பப் படுத்தார். தூக்கம்தான் வரவில்லை. சும்மா போகிற ஆளா அவள்?

மத்தியானம் கார் திரும்பி வந்தது. பின்னாலேயே ஒரு குட்டி லாரி. லாரியின் மேலே கயிறு கட்டி நிறுத்திய பீரோ. பீரோவைக் கட்டிப்பிடித்தபடி மாமனார்.

நம்ம ஆள் பால்கனியில் தொங்காத குறையாக, வண்டி எப்படிக் கிளம்பியது என்று கேட்டார்.

“வருஷக்கணக்கா குளிக்காத இன்ஜின்ல ஒரே ஒரு நட்டு மட்டும் குளிச்சிட்டு உக்காந்திருந்துச்சு. அதை முறுக்கிட்டு, நீங்க சொல்லிக் கொடுத்த மாதிரியே பம்பை அமுக்கினேன். குமிழி நின்னுருச்சு.”

அவர், பீரோ எதற்கு இங்கே வந்தது என்று பேச்சை மாற்றினார்.

“ஏத்தி விட அங்க அக்கம்பக்கத்துக்காரங்க இருந்தாங்க. புது வீட்டுல இறக்கத்தான் ஆள் இல்லை. அதான், ஆள் இருக்கிற இடமா பார்த்துக் கொண்டு வந்துட்டேன். இனிமே நமக்கேதான்னு அப்பா சொல்லிட்டாரு.”

லிஃப்ட் இல்லாத அந்த மாடியிலிருந்து, இடுப்பைப் பிடித்தபடி நம்ம ஆள் இறங்க ஆரம்பித்தார்.