ஹேப்பிக்கு அப்புறம் என்ன?

இன்-ஆன்-அட் ஆசாமி என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் அவரைக் கவனித்திருக்க மாட்டீர்கள். ஆனால் அவர் உங்களைக் கவனித்திருப்பார், கவனித்துத் திருத்தியும் இருப்பார். இங்கிலீஷ் படித்தவர்களில் பேசுகிறவர்கள் ஒரு ரகம், பேசாதவர்கள் ஒரு ரகம். இவர் மூன்றாவது ரகம். பேசுகிறவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்து, அவன் 'இன்' என்றதும் 'ஆன்' என்று எடுத்துக் கொடுக்கும் ரகம்.

சங்கரன்கோவிலில் மோட்டார் பம்ப் கடை வைத்திருக்கும் சௌந்தரபாண்டியன் அண்ணாச்சி இந்த இனத்தின் அசல் வார்ப்பு. கல்லாவுக்குப் பக்கத்தில் பில் புத்தகம் இருக்கிறதோ இல்லையோ, ஓரம் மடங்கிய இங்கிலீஷ் இலக்கணப் புத்தகம் ஒன்று இருக்கும். கல்யாணப் பத்திரிகை கொடுத்தால் முகூர்த்தம் என்றைக்கு என்று பார்ப்பதற்கு முன்னால் கை தானாகப் பேனாவைத் தேடும். சரி, நல்ல காரியத்தில்தான் இப்படி, துக்க காரியத்திலாவது சும்மா இருப்பாரா? மேலநீலிதநல்லூர் கருத்தப்பாண்டி ஒருநாள் கலங்கிப்போய்க் கடையேறி வந்தார்.

"அண்ணாச்சி, எங்க மாமா போயிட்டாரு. டைடு பை ஹார்ட் அட்டாக்."

"'பை' இல்லவே. 'ஆஃப்'."

"அதத்தான் நானும் சொல்லுதேன். ஆளு ஆஃப் ஆயிட்டாரு. எடுக்கதுக்குள்ள வருவியளா, மாட்டியளா?"

இவ்வளவு தெரிந்த மனிதர் இங்கிலீஷில் என்னதான் பேசினார் என்று கேட்கிறீர்களா? ஒன்றும் பேசவில்லை. அங்கேதான் இருக்கிறது சூட்சுமம். தப்பாக ஒரு வாக்கியம் வாயிலிருந்து விழுவதைவிட, வாயே இல்லாமல் இருப்பது மேல் என்பது அவர் கட்சி. எதிர்த்த பேங்குக்கு வந்த வடநாட்டு மேனேஜரை வரவேற்க அவர் மனசுக்குள் வாக்கியம் கூட்டிக்கொண்டிருந்தார்; கூட்டி முடிப்பதற்குள் மேனேஜருக்கு மாற்றல் வந்து ஊரைவிட்டே போய்விட்டார். கூட்டும்போது கண் மோட்டுவளைக்குப் போய்விடும், உடம்பில் ஓர் அசைவு இருக்காது. வீட்டில் எல்லோருக்கும் இது பழகிப்போயிருந்தது.

நாக்பூருக்குப் பழகவில்லை. அதுதான் வினை.

பூனாவில் வேலை பார்க்கும் மகள் விஜிதா, கூட வேலை பார்க்கும் நாக்பூர்ப் பையனைக் கட்டிக்கொள்கிறேன் என்றாள். அண்ணாச்சிக்கும் பையனைப் பிடித்துப்போயிற்று, மெய்யாகவே பிடித்துப்போயிற்று. பாக்கி இருந்தது ஒன்றுதான்: ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் பையனின் தகப்பனாரிடம் தன் வாயால் சம்மதம் சொல்ல வேண்டும். அவருக்குத் தமிழ் தெரியாது. இவருக்கு மராத்தியும் தெரியாது, இந்தியும் தெரியாது. நடுவே கிடப்பது இங்கிலீஷ்தான். நான் மொழிபெயர்க்கிறேனே என்று மகள் சொன்னதற்கு அண்ணாச்சிக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"ஏட்டி, எனக்குத் தெரியாத இங்கிலீஷா?"

ஞாயிற்றுக்கிழமை வந்தது. செல்போனில் நாக்பூர் வீடு தெரிந்தது. பையனின் அப்பா, அம்மா, பையன், ஓரத்தில், பூனாவிலிருந்து பையனோடு வந்திருந்த விஜிதா புதுச் சுடிதாரில். இந்தப் பக்கம் சலவை வேட்டியில் அண்ணாச்சி, பக்கத்தில் மனைவி ஞானபூரணம். தகப்பனார் கைகூப்பிவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தார்.

"சார், யூ ஆர் ஹேப்பி?"

'ஹேப்பி' என்று ஒரு வார்த்தை சொல்லித் தலையாட்டினால் கல்யாணம் நிச்சயம். ஆட்டினால் அவர் அண்ணாச்சியா? ஹேப்பிக்கு அப்புறம் என்ன போடணும்? 'வித்'தா, 'ஃபாரா', 'அபௌட்டா'? பையனோடு என்றால் 'வித்', மகளுக்காக என்றால் 'ஃபார்', கல்யாணத்தைப் பற்றி என்றால் 'அபௌட்'. பாவி மனுஷனுக்கு மூன்றிலும் சந்தோஷம்தான்! எதை எடுக்க, எதை விட? கண் மோட்டுவளைக்குப் போயிற்று. உடம்பு கல்லாயிற்று.

படம் நின்றுவிட்டது என்று நாக்பூர் நினைத்தது. "நெட்வொர்க், நெட்வொர்க்" என்றார் தகப்பனார். கையை ஆட்டிப் பார்த்தார்கள், போனை உலுக்கிப் பார்த்தார்கள். அதுவரைக்கும் ஆபத்தில்லை. அந்த நேரம் பார்த்து ஓர் ஈ வந்து அண்ணாச்சி மூக்கில் உட்கார்ந்தது. அண்ணாச்சி தட்டிவிட்டார்.

போச்சு! கோளாறு நெட்வொர்க்கில் இல்லை, மனிதர் மனசில் என்று அங்கே தீர்மானமாகிவிட்டது. பையனின் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். தகப்பனார், "ஓகே சார், வீ அண்டர்ஸ்டாண்டு" என்று சொல்லிவிட்டுப் போனை அணைக்க விரலை நீட்டினார். விஜிதா உடைந்துபோனாள்.

"இஷ்டமில்லன்னா எங்கிட்ட முந்தியே சொல்லியிருக்கலாம்லாப்பா? இப்படி எல்லார் முன்னாலயும் அவமானப்படுத்தணுமா?"

ஞானபூரணம் விலாவில் ஓர் இடி இடித்தாள். "ஏங்க, புள்ள அழுதா! மேல என்னத்தப் பாக்கிய? சரின்னு ஒரு வார்த்த சொல்லுங்க!"

"இரு, இரு. வாக்கியம் நாக்கு நுனியிலதான் நிக்கி" என்றவர் கண்ணைக் கீழே இறக்கினார். மகள் முகத்தைப் பார்த்தார். துப்பட்டாவை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அவள் அழுதுகொண்டிருந்தாள். வித்தும் ஃபாரும் அபௌட்டும் போன இடம் தெரியவில்லை.

"சார்! நோ கட்! கட் பண்ணாண்டாம்! மீ ஹேப்பி! வெரி வெரி ஹேப்பி! யுவர் சன், மை சன்! கம் சங்கரன்கோவில்! ஈட் பிரியாணி!"

ஒரே மூச்சு. தேடிப் பார்த்தாலும் அதில் ஒரு ப்ரிபொசிஷன் கிடைக்காது. நாக்பூர்த் தகப்பனார் ஒரு கணம் விழித்தார். பிறகு தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார்.

"வீ ஆல்ஸோ ஹேப்பி! பிரியாணி மஸ்ட்!"

விஜிதா அழுதுகொண்டே சிரித்தாள். மாமியார் அவள் கண்ணைத் துடைத்துவிட்டார். ஞானபூரணம் கேசரி கிண்ட அடுப்படிக்கு ஓடினாள். அண்ணாச்சி பின்னாலேயே போய் நின்று, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"பூரணம், சம்பந்தி நல்ல மனுஷன்தான். ஆனா கடைசியா சொன்னாரு பாரு, அதுல ஒரு சின்னத் தப்பு இருந்துது, கவனிச்சியா?"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். 'வீ ஆல்ஸோ ஹேப்பி' என்று படித்தபோது மனசுக்குள் ஓர் 'ஆர்' செருகித்தானே படித்தீர்கள்? அதை 'ஆல்ஸோ'வுக்கு முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்று ஒரு கணம் தயங்கவும் செய்தீர்கள். பரவாயில்லை, யாரிடமும் சொல்லமாட்டேன். அதோ, பக்கத்தில் உங்களிடம் எதையோ கேட்டுவிட்டு ஒருவர் நிற்கிறார் பாருங்கள். முதலில் அவருக்குப் பதில் சொல்லுங்கள்.