குளவி வீடு மாறிய கதை

ஞாயிற்றுக்கிழமை காலை. இட்லித் தட்டைக் கழுவிய ஈரம் காயும் முன்னே குணசேகர் நடு வீட்டில் நின்று அறிவித்தார்.

"இன்னிக்கு ஒன்னு நான் இருக்கணும், இல்ல அந்தக் குளவி இருக்கணும்!"

பாமா ரெண்டு வயசு மகாவுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தாள். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"குளவியே இருக்கட்டுங்க. அது ரெண்டாவது சட்னி கேக்காது."

"புள்ளைய கொட்டிடுச்சின்னா?"

"புள்ள ஏன் மொட்டை மாடியில டேங்குக்குப் பின்னால போவப் போறா? அங்க யாருக்கு இன்னா வேலை?"

குணசேகர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கேதான் அவருக்கு வேலை.

மகாவின் முதல் பிறந்த நாளில், பிள்ளை தலையில் கை வைத்து, இனி சிகரெட்டைத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்தவர் அவர். வீட்டுக்குள் தொடுவதில்லை. மொட்டை மாடி வீட்டு ஓனருடையது, அது கணக்கில் வராது என்று தனக்குத் தானே தீர்ப்பும் எழுதிக்கொண்டார். டேங்குக்குப் பின்னால் ஒரு பழைய பெயிண்ட் டப்பா. அதற்குள் பாக்கெட்டும் தீப்பெட்டியும். நாளைக்கு மூன்று முறை "தண்ணி ரொம்பிச்சான்னு பாத்துட்டு வர்றேன்" என்று ஏறிவிடுவார். ஈஜிபுரா ஏரியாவிலேயே இவ்வளவு அக்கறையாகத் தண்ணீரைப் பார்த்த மனுஷன் வேறு இல்லை.

குளவி முதலில் கூடு கட்டியது என்னவோ பால்கனியில்தான், துணி காயப் போடும் கம்பிக்கு மேலே. ஒரு வாரம் பாமா சொல்லிப் பார்த்தாள். அவர் ஒரு வாரமும் "நாளைக்கு" என்றார். ஒரு நாள் டியூட்டி முடிந்து வந்தால் பால்கனி காலி.

"எங்க பாமா, கூட்டைக் காணோம்?"

"மாடிக்குப் போயிடுச்சுங்க. டேங்குக்குப் பின்னால."

"கூட்டோடவா?"

"ஏன், நாம கட்டில் பீரோவோட மாறல?"

ஐந்து வருஷத்தில் நாலு வீடு மாறியவர் குணசேகர். பதினோரு மாச அக்ரிமென்ட் முடிந்தால் இந்தத் தெருவில் யாராக இருந்தாலும் மூட்டை கட்டத்தான் வேண்டும். குளவிக்கு மட்டும் தனிச் சட்டமா? நியாயமாகத்தான் பட்டது. ஓடிப்போய்ப் பார்த்தார். பெயிண்ட் டப்பாவுக்கு நேர் மேலே, குழாயில் தொங்கியது கூடு. பத்தடி தள்ளி நின்றபோதே 'உர்ர்' என்று சத்தம் வேறு கேட்டது. அது தண்ணி மோட்டார் என்று அவருக்குத் தோன்றவில்லை.

ஒன்பது நாள் ஆயிற்று. அடுகோடி பெட்ரோல் பங்கில் வேலை, அங்கே பற்ற வைக்க முடியாது. தெருமுனை டீக்கடை முத்தம்மா பாமாவுக்கு அத்தை முறை. அங்கே தீக்குச்சி அணையும் முன்னே பாமாவுக்குப் போன் போய்விடும். மனுஷன் கடலை மிட்டாய் தின்றே ஒரு சுற்று பெருத்துவிட்டார்.

"கிஸ்னாயில்ல துணிய நனைச்சுக் கொளுத்திடறேன்" என்றார்.

"கொளுத்துவீங்க. குளவி பறந்துடும், பிளாஸ்டிக் டேங்க் உருகிடும். நெருப்பு, கல்லு, தண்ணி எதுவும் கூடாதுங்க. ஒன்னைச் சீண்டினா மொத்தமும் சேந்து கொட்டும். அதுக்குன்னு ஆளுங்க இருக்காங்க, உடம்பு பூரா மூடிக்கினு வருவாங்க. கூப்பிடவா?"

ஆளா? ஆள் வந்தால் டப்பா தெரியும்!

"வேணாம்! எங்க தாத்தா யாரு? கோலார் தங்கச் சுரங்கத்துல, பாதாளத்துல எறங்கி வெடி வெச்சவரு!"

"வெச்சிட்டு ஓடினாரு. நீங்க மூணாவது மாடியிலிருந்து எங்க ஓடுவீங்க?"

நெருப்பு வேண்டாம், சும்மா பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஒப்புக்கொண்டார். மனசுக்குள் வேறு திட்டம். கூட்டைத் தொடாமல், ஒட்டடைக் கோலால் டப்பாவை மட்டும் மெல்ல இழுத்துவிடலாம்.

ரெயின் கோட்டு. ஹெல்மெட்டு. அதற்கு மேல் மகாவின் கொசுவலை. கையில் பாத்ரூம் கழுவும் கிளவுஸ். படியில் எதிரே வந்த கீழ் வீட்டு கிளிஃபர்ட் ஒதுங்கி வழி விட்டார்.

"இன்னா குணா, நிலாவுக்கா?"

"குளவிக்கு!"

"ஓ, அதுவா?" என்று கிளிஃபர்ட் வாயைப் பொத்திக்கொண்டு இறங்கினார். பயந்துவிட்டார் போல, பாவம்.

மாடியில் குணசேகர் மண்டியிட்டார். அங்குலம் அங்குலமாக நகர்ந்தார். கோலை நீட்டினார். கிளவுஸ் வழுக்கியது. கோல் டப்பாவை விட்டுவிட்டுக் கூட்டைத் தட்டியது. கூடு அறுந்து உருண்டு வந்து நேராக அவர் மடியில் உட்கார்ந்தது.

"ஐயோ! பாமா! கொட்டுது! கொல்லுது!"

கொசுவலையோடு குதித்தார். காயப்போட்ட சேலையில் சிக்கிச் சுழன்றார். வடாம் தட்டில் கால் வைத்தார். கொடிக் கயிற்றோடு கீழே விழுந்து, கண்ணை மூடி, கொட்டுக்காகக் காத்திருந்தார்.

ஒன்றும் வரவில்லை.

ஒரு கண்ணைத் திறந்தார். காகிதம் மாதிரிக் காய்ந்து கிடந்தது கூடு. ஒரு ஈ கூட இல்லை. அதன் காம்பில் மல்லிகைப் பூ கட்டும் நூல், ரெண்டு முடிச்சு. தினமும் பாமாவின் தலையில் அவர் பார்க்கிற அதே முடிச்சு.

பாய்ந்து போய் டப்பாவைத் திறந்தார். உள்ளே மகாவின் உடைந்த கிலுகிலுப்பை ஒன்று இருந்தது.

இடுப்பில் மகாவோடு பாமா படியேறி வந்தாள். அப்பாவின் வேஷத்தைப் பார்த்து மகா கை தட்டினாள்.

"இன்னாங்க தேடுறீங்க?"

"கு... குளவி."

"ஆளைக் கூப்பிட்டு அது போயி ஒன்பது நாள் ஆச்சுங்க" என்றாள் பாமா, பிள்ளை தலையிலிருந்து எடுப்பதைப் போல, அவர் தலையிலிருந்த கொசுவலையை மெதுவாக எடுத்தபடி. "டப்பாவில இருந்ததும் அன்னிக்கேதான் போச்சு. இத்தினி நாளா நீங்க பயந்தது காலிக் கூட்டுக்கு, ஏங்கினது காலி டப்பாவுக்கு. எழுந்திரிங்க, தண்ணி ரொம்பிச்சான்னு பாத்துட்டு மறுபடி வடாம் பிழியலாம்."