லினக்ஸுக்கு ஆன்டிவைரஸ் பார்த்த கதை

எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டால், அது தீரும்வரை பக்கத்தில் இருப்பவர்கள் பாவம். சின்ன வயதில் இதை அறிவு என்று சொன்னார்கள். இப்போது என்ன சொல்கிறார்கள் என்று நான் விசாரிப்பதில்லை.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. எங்கள் தங்கச் சுரங்க ஊரின் கோரமண்டல் ஸ்டேஷனில் காலை ரயிலைப் பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். சாஃப்ட்வேர் கம்பெனி என்று வீட்டில் சொல்லியிருந்தேன். (யாரோ எழுதிய புரோகிராமில் ஒவ்வொரு பட்டனாக அமுக்கி, வேலை செய்கிறதா என்று குறித்து வைப்பதுதான் என் வேலை. அதைச் சொல்லவில்லை.) அதனால் எங்கள் சுரங்க லைன் வீடுகளில் யாருடைய போன் மக்கர் பண்ணினாலும் என்னிடம்தான் வரும்.

ஆண்டர்சன்பேட்டையில் டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்திருந்த என் தாய்மாமா எத்திராஜுக்கும் என்மேல் அந்த நம்பிக்கை இருந்தது. ஊரில் உள்ள பென் டிரைவ் எல்லாம் அவருடைய கம்ப்யூட்டருக்குள் நுழைந்து வெளியே வந்ததில், அது திறப்பதற்கே பத்து நிமிஷம் ஆகும். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டு, அவருடைய பழைய ஃபைல்களை அப்படியே திரும்ப உள்ளே வைத்துக் கொடுத்தேன். மாமா சந்தோஷமாக இரண்டு முறை அணைத்துப் போட்டுப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"எல்லாம் சரிமா. ஆன்டிவைரஸ் இன்னா போட்ட?"

"லினக்ஸுக்கு வைரஸ் வராது மாமா."

"யார் சொன்னது?"

யார் சொன்னது என்று எனக்குத் தெரியவில்லை. அங்கேதான் பிடித்தது சனி.

அடுத்த ஒரு வாரம் ரயிலில் போகும்போதும் வரும்போதும் இதையே படித்தேன். இணையத்தில் ஒருவர் லினக்ஸுக்கு ஆன்டிவைரஸ் தேவையே இல்லை என்றார். இன்னொருவர், இப்படிச் சொல்பவர்களால்தான் உலகம் கெட்டது என்றார். மூன்றாமவர், நீ ஏன் அந்த லினக்ஸைப் போட்டாய், வேறு லினக்ஸ் போட்டிருக்கலாமே என்றார். அவரோடு நான்காமவர் ஒன்பது பக்கத்துக்குச் சண்டை போட்டிருந்தார். ஒன்பதையும் படித்தேன். ஒருநாள் பங்காருப்பேட்டையில் இறங்கி வண்டி மாற வேண்டியதை மறந்து உட்கார்ந்திருந்த என்னை, தூங்குகிறேன் என்று நினைத்துப் பக்கத்து சீட்டு அம்மா ஒருவர் தட்டி எழுப்பினார். நான் தூங்கவே இல்லை.

கடைசியில் ஒரு விஷயம் புரிந்தது. லினக்ஸில் போடும் ஆன்டிவைரஸ் பெரும்பாலும் தேடுவது விண்டோஸ் வைரஸைத்தான். லினக்ஸுக்கு அதனால் கெடுதல் இல்லை. ஆனால் அதில் தங்கியிருக்கும் வைரஸ் பென் டிரைவில் ஏறி அடுத்தவர் வீட்டுக்குப் போகும். மாமாவின் கடைக்கு இது பொருந்தும். இலவசமாகக் கிடைத்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். ஒரு மாப்பிள்ளையைக்கூட யாரும் இவ்வளவு விசாரித்திருக்க மாட்டார்கள்.

மாப்பிள்ளை என்றதும் சொல்ல வேண்டும். மாமாவின் மகள் கவிதாவுக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பத்திரிகையை மாமாவே தயாரித்தார். "தங்கள் நல்வரவை விரும்பும்" என்பதற்குக் கீழே முப்பத்தோரு பெயர்கள். யாருக்கு மேலே யார் என்று மூன்று வாரம் பேச்சுவார்த்தை நடந்தது. முதல் புரூஃபில் என் அப்பா, அம்மா பெயர்தான் முதலில் இருந்தது. மாமாவுக்கு அம்மா மூத்த அக்கா. அப்பா நந்திதுர்க் சுரங்க ஷாஃப்டில் வேலை பார்த்தவர், அதிகம் பேசமாட்டார். அவர் பார்த்துவிட்டு, "நம்மள இன்னாத்துக்கு மேல போட்ட? பெரியவங்கள போட்டுட்டு எங்கள கடைசில போடு" என்று மட்டும் சொன்னார்.

இப்படிப் பதினோரு திருத்தம். ஒரு சனிக்கிழமை மத்தியானம் மாமா கடைசித் திருத்தத்தைச் செய்து, கம்ப்யூட்டரிலும் பென் டிரைவிலும் சேமித்தார். பேனாவால் அடித்துத் திருத்திய புரூஃப் காகிதத்தைச் சுக்குநூறாகக் கிழித்தார். (யார் பெயரை யார் அடித்தார்கள் என்பதற்குச் சாட்சி இருக்கக் கூடாதாம்.) நாலு மணிக்குள் ராபர்ட்சன்பேட்டை பிரஸ்ஸில் கொடுக்க வேண்டும்.

அந்த நேரத்தில்தான் நான் ஆன்டிவைரஸோடு போய்ச் சேர்ந்தேன்.

"நீங்க சாப்ட்டு வாங்க மாமா. நான் பாத்துக்கறேன்."

போட்டேன். பரிசோதித்துப் பார்ப்பதற்கென்றே ஒன்றும் செய்யாத ஒரு பொய் வைரஸ் இணையத்தில் கிடைக்கும். அதை இறக்கி ஒரு ஃபோல்டரில் ஒளித்து வைத்தேன். ஆன்டிவைரஸ் நேராகப் போய்ப் பிடித்தது. எனக்கு வந்த பெருமைக்கு அளவில்லை. இனி நிஜ வேட்டை. வைரஸைக் கண்டால் என்ன செய்யட்டும் என்று கேட்டது. சொன்னால் போதுமா, தனியாக ஒதுக்கி வைக்கட்டுமா, அழித்துவிடட்டுமா? பாதி வேலை எனக்குப் பிடிக்காது. அழித்துவிடு என்றேன். பக்கத்தில் பென் டிரைவ் இருந்தது. அது மட்டும் என்ன பாவம் செய்தது என்று அதையும் சொருகினேன்.

திரையில் வரிகள் ஓடின. பத்து வைரஸ், ஐம்பது, இருநூறு. முடிவில் நானூற்றுச் சொச்சம். இத்தனையா என்று அதிசயப்பட்டுக்கொண்டே இருந்தேன். எந்த ஃபைலில் என்று பார்க்கத் தோன்றவில்லை. (ஊரில் இல்லாத கேள்வியெல்லாம் கேட்கிறவள், இந்த ஒன்றைக் கேட்கவில்லை.)

மாமா ஏப்பம் விட்டபடி வந்து உட்கார்ந்தார்.

"கவிதா பத்திரிகை எங்கமா?"

"டெஸ்க்டாப்ல பாருங்க மாமா."

"டெஸ்க்டாப்ல ஒண்ணுமே இல்லியே."

"எவ்ளோ கிளீனா இருக்குது பாத்தீங்களா?" என்றேன்.

விஷயம் இதுதான். மாமா எதையும் புதிதாக டைப் செய்ததில்லை. பழைய பத்திரிகை ஒன்றைத் திறந்து, பெயர்களை மாற்றி, வேறு பெயரில் சேமிப்பார். முதல் பத்திரிகையில் என்றோ ஒட்டிக்கொண்ட வைரஸ், பிறகு ஊரில் நடந்த எல்லாக் கல்யாணத்துக்கும் போய் வந்திருக்கிறது. என் ஆன்டிவைரஸுக்கு அதைக் குணப்படுத்தத் தெரியாது. ஃபைலோடு அழிக்கத்தான் தெரியும். (அழித்ததை மீட்கவும் ஒரு வழி உண்டு. அதை நான் கண்டுபிடித்தது கல்யாணம் முடிந்து மூன்றாவது வாரம்.)

மாமா என்னைத் திட்டவில்லை. தண்ணீர் கேட்டார். கொடுத்தேன், குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். மணி மூன்று.

கவிதாவின் போனில் முதல் புரூஃபின் போட்டோ இருந்தது. அதை வைத்துக்கொண்டு நான் டைப் செய்ய, மாமா திருத்தங்களை ஞாபகத்திலிருந்து சொன்னார். "ஃபர்ஸ்ட்டு உங்க அப்பா பேர எடுத்துடு." எடுத்தேன். அம்மா பெயரும் கூடவே போனது, ஜோடியாகப் போடுவதுதானே வழக்கம். பிறகு பெரியவர்களை மேலே ஏற்றினோம். பங்காருப்பேட்டை சம்பந்தி வீட்டில் இரண்டு பேரை இடம் மாற்றினோம். நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது மாமா ஸ்கூட்டரில் பறந்தார்.

திங்கட்கிழமை ஐந்நூறு பத்திரிகை வந்தது. அம்மா மஞ்சள் தடவ ஒன்றைப் பிரித்தாள். மேலிருந்து கீழ்வரை படித்தாள். மறுபடி படித்தாள். மேலேயிருந்து எடுத்த பெயரை நான் கீழே போடவே இல்லை.

"அவரு பேரு போனாக்கூடப் பரவால்ல. இது நான் பொறந்த வூடு" என்றாள். அதற்குப் பிறகு நான்கு நாள் என்னோடு பேசவில்லை. மாமா, விட்டுப்போன பெயரைச் சிலிப்பில் அச்சடித்து ஒட்டலாம் என்றார். நான் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து ஒட்டுகிறேன் என்றேன். அப்பாதான் வேண்டாம் என்றுவிட்டார். "ஒட்டினா அசிங்கமா இருக்கும். கல்யாணம் நடந்தா சரி."

சொன்னதோடு நிற்கவில்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மாமாவோடு வீடு வீடாகப் பத்திரிகை வைக்கவும் கிளம்பினார். தட்டைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். முதல் வீடு அப்பாவோடு ஒரே ஷிஃப்டில் வேலை பார்த்தவருடையது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"இன்னாப்பா, உன் பேரக் காணோம்?"

மாமா தரையைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன்.

"கம்ப்யூட்டர்ல வைரஸ் இருந்துச்சாம்" என்றார் அப்பா. "எம்பொண்ணு தேடிக் கண்டுபிடிச்சு எடுத்துட்டா."

கண்ணாடிக்காரர் சிரித்த சிரிப்பில் பத்திரிகை கீழே விழுந்தது. அடுத்த வீட்டிலும் அப்பா அதையே சொன்னார். கல்யாணத்தன்று பந்தியில் "வைரஸுக்கு இன்னொரு லட்டு வை" என்று யாரோ சொல்ல, அப்பாவுக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. கவிதாவுக்கு அவர் வைரஸ் மாமா, அவள் பிள்ளைகளுக்கு வைரஸ் தாத்தா.

மாமாவின் கடையில் அதே ஆன்டிவைரஸ்தான் இன்றும் இருக்கிறது. கண்டால் சொல், கை வைக்காதே என்று மாற்றிவைத்திருக்கிறேன்.

அப்பாவின் அந்தப் பெயரால் ஒரே ஒருமுறைதான் வம்பு வந்தது. கொரோனா வந்த வருஷம், பங்காருப்பேட்டைக்குக் கவிதாவைப் பார்க்கப் போன அப்பா லாக்டவுனில் அங்கேயே மாட்டிக்கொண்டார். கவிதா வாசலில் நின்று எனக்கு போனில் தைரியம் சொன்னாள். "நீ பயப்படாத. வைரஸ் எங்க வூட்லதான் இருக்காரு. ரெண்டு வாரமாச்சு. பசங்களோடத்தான் படுத்துக்கறாரு."

பக்கத்து வீட்டுக் கதவு சாத்தப்பட்டது. ஒரு மணி நேரத்தில் சுகாதார ஊழியர்கள் இரண்டு பேர் வந்து, யாருக்கு வைரஸ் என்று கேட்டார்கள். கவிதாவின் மகள் உள்ளே கை காட்டினாள். அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"நான்தாம்மா அது. எம்பொண்ணு இருந்த பேர எடுத்துட்டு, எனக்கு வெச்ச பேரு."

அவர்கள் மூக்கில் குச்சி விட்டு டெஸ்ட் எடுத்துக்கொண்டுதான் போனார்கள். வைரஸ் இல்லை என்றுதான் முடிவு வந்தது. அம்மா மட்டும் அதை இன்னும் நம்பவில்லை.